கணித இயற்பியல்: ஆய்வுக்கு வர நினைப்பவர்களின் கேள்விகள்

கணித இயற்பியலில் ஆய்வு செய்வதையே தொழிலாகக் கொள்ள நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே சாயலில் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: கணிதத்தில் முதுகலை முடிக்கப்போகிறேன். கணித இயற்பியலும் கோட்பாட்டு இயற்பியலும் ஒன்றா, வேறா? இயற்பியலாளர்கள் கண்டு சொல்லிவிட்டதை மறுபடி நிரூபிப்பதுதான் கணித இயற்பியல் என்கிறார்கள். அப்படியென்றால் அதில் புதிதாகச் செய்ய என்ன இருக்கிறது? (முதுகலை மாணவி)

பதில்: வேறுதான். கோட்பாட்டு இயற்பியலாளர் பரிசோதனைக்குக் கட்டுப்பட்டவர். கணக்கில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தாலும், விடை அளவீட்டோடு ஒத்துப்போனால் அவர் மேலே போகலாம். கணித இயற்பியலாளர் நிரூபணத்துக்குக் கட்டுப்பட்டவர். எந்த நிபந்தனைகளின் கீழ் அந்த விடை உண்மை, எந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் அது பொய்யாகிவிடும் என்பதுதான் அவருடைய கேள்வி.

"மறுபடி நிரூபிப்பது" என்ற பேச்சு எவ்வளவு தூரம் சரி என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். அறுகோணக் கட்டங்களால் ஆன ஒரு வலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையிலிருந்து கிளம்பி, ஒருமுறை போன எந்த முனைக்கும் திரும்பாமல் நடக்க வேண்டும். ஒரு அடிக்கு 3 வழி, இரண்டு அடிக்கு 6, பிறகு 12, 24, 48. ஆறாவது அடியில் 96 வரவேண்டும். ஆனால் அவற்றில் 6 நடைகள் ஓர் அறுகோணத்தைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகின்றன. ஆகவே 90. இப்படிப் போகப்போக எண்ணிக்கை அடிக்கு எத்தனை மடங்காக வளரும்? விடை √(2+√2), அதாவது ஏறத்தாழ 1.8478. டச்சு இயற்பியலாளர் நியன்ஹுயிஸ் 1982-இல் இயற்பியல் வாதங்களால் இந்த எண்ணைச் சொன்னார். கணினிக் கணக்குகளும் அதையே காட்டின. நிரூபணம் வந்தது 2010-இல். தந்தவர்கள் டுமினில்-கோபான், ஸ்மிர்னோவ்.

அந்த நிரூபணம் பழைய வாதத்தைச் சுத்தமாக எழுதியது அல்ல. ஒவ்வொரு நடைக்கும் அது எவ்வளவு திரும்பி வளைந்தது என்பதைப் பொறுத்து ஒரு கலப்பெண்ணை எடையாகக் கொடுத்தார்கள். திரும்பிய கோணத்தை 5/8-ஆல் பெருக்கி, ஓர் அடிக்கான எடையை 1/√(2+√2) என்று வைத்தால், எந்த முனையை எடுத்தாலும் அதைச் சுற்றியுள்ள மூன்று மதிப்புகளையும் அவற்றின் திசைகளால் பெருக்கிக் கூட்டினால் சரியாகப் பூச்சியமாகிவிடுகிறது. அந்த ஒரு சமன்பாட்டை எல்லா முனைகளுக்கும் கூட்டினால் விடை விழுந்துவிடும். புதிய பொருள் அதுதான்: அந்த எடை. அதே வகைச் சிந்தனை பிறகு வேறு பல மாதிரிகளுக்கும் கருவியானது.

எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. நடைகளின் எண்ணிக்கையில் மேற்சொன்ன அடுக்கோடு, அடிகளின் எண்ணிக்கையின் 11/32-ஆம் அடுக்கு பெருக்கலாக வரும் என்பது இயற்பியலாளர்களின் முடிவு. அதற்கு இன்னும் நிரூபணம் இல்லை. சதுர வலைக்கு வந்தால் வளர்ச்சி எண் ஏறத்தாழ 2.638 என்று தெரியும். அதற்கு ஒரு மூடிய சூத்திரமே யாருக்கும் தெரியாது.

இன்னும் எளிமையாகத் தோன்றும் ஒன்று: முப்பரிமாண ஹைசன்பர்க் ஃபெரோகாந்தம் (பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள், அதாவது சிறு காந்தங்கள், ஒரே திசையில் நிற்க முயலும் மாதிரி) குறைந்த வெப்பநிலையில் தானாகக் காந்தமாகிறது. பாடப்புத்தகத்தில் முதல் அத்தியாயத்தில் வரும் செய்தி. குவாண்டம் மாதிரிக்கு இதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. அதன் உடன்பிறப்பான, பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக நிற்க முயலும் ஆன்டிஃபெரோகாந்தத்துக்கு ஸ்பின் 1-க்கும் அதற்கு மேலும் டைசன், லீப், சைமன் 1978-இல் நிரூபித்துவிட்டார்கள். ஸ்பின் 1/2-க்கு கென்னடி, லீப், சாஸ்திரி 1988-இல் நிரூபித்தார்கள். அவர்கள் பயன்படுத்திய 'பிரதிபலிப்பு நேர்மைப் பண்பு' (வலையைப் பாதியாக வெட்டிப் பிரதிபலித்தால் சில சராசரிகள் பூச்சியத்துக்குக் கீழே போகாது என்பது) ஃபெரோகாந்தத்துக்குப் பொருந்துவதில்லை, அவ்வளவுதான் தடை. செய்ய வேலை இருக்கிறதா என்று கேட்டீர்கள். நிறைய இருக்கிறது.

பாதை எதிர்த்திசையிலும் போகும். ஐந்தாம் படிச் சமன்பாடு ஒன்றால் வரையறுக்கப்பட்ட முப்பரிமாண வெளியில் 2875 நேர்கோடுகளும் 609250 கூம்பு வளைவுகளும் உண்டு என்று வடிவியலாளர்கள் எண்ணியிருந்தார்கள். 1991-இல் சரக் கோட்பாட்டு இயற்பியலாளர்கள் (துகள்களை நுண்ணிய இழைகளாகப் பார்ப்பவர்கள்) மூன்றாம் படி வளைவுகள் 317206375 என்றார்கள். கணிதவியலாளர்கள் கணினியில் போட்ட கணக்கு வேறு எண்ணைத் தந்தது. பிறகு பார்த்தால் பிழை கணினி நிரலில் இருந்தது. இயற்பியலாளர்களின் எண்தான் சரி. அதிலிருந்து வடிவியலில் ஒரு முழுக் கிளையே வளர்ந்தது.

கேள்வி: எதை, எந்த வரிசையில் படிப்பது? பள்ளியோடு இயற்பியலை விட்டுவிட்டேன்.

பதில்: கணிதப் பக்கம் அளவைக் கோட்பாடு, பிறகு ஃபங்ஷனல் அனாலிசிஸ். இதில் வரம்பற்ற ஆபரேட்டர்களுக்கான ஸ்பெக்ட்ரல் தேற்றம் வரை போக வேண்டும். பல பாடத்திட்டங்கள் வரம்புள்ளவற்றோடு நின்றுவிடுகின்றன, அது போதாது. அடுத்து ஃபூரியே மாற்றம், பரவல்கள், சோபலெவ் வெளிகள். நிகழ்தகவை யாரும் விட்டுவிடக் கூடாது. இயற்பியல் பக்கம் ஹாமில்டனின் இயக்கவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல் மூன்றும் கட்டாயம். மின்காந்தவியலும் சார்பியலும் எடுக்கும் கிளையைப் பொறுத்தவை. முழுநேரமாக உழைத்தால் இயற்பியலின் இந்த மூன்றுக்கும் ஓர் ஆண்டு போதும். ஆனால் கணக்குப் போட்டுப் படிக்க வேண்டும். ஹார்மானிக் ஆஸிலேட்டரையும் ஹைட்ரஜன் அணுவையும் புத்தகத்தை மூடிவைத்துத் தாளில் போட முடியாதவரால், கருத்தரங்கில் பேச்சாளர் எந்தப் படியில் ஏன் தயங்குகிறார் என்று கண்டுகொள்ள முடியாது.

கிளைகள் தோராயமாக இவை: ஷ்ரோடிங்கர் ஆபரேட்டர்களும் பல துகள் குவாண்டமும், அதற்கு ஆபரேட்டர் கோட்பாடும் சமனிலிகளும்; புள்ளியியல் இயக்கவியல், அதற்கு நிகழ்தகவும் சேர்மானவியலும்; குவாண்டம் புலக் கோட்பாடும் சரங்களும், அதற்கு வடிவியல், இடவியல், குலங்களின் உருவகிப்பு; பொதுச் சார்பியல், அதற்கு வகைவடிவியலும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும். முதுகலை முடியும்போது இவற்றில் ஒன்றில் ஆழம், இன்னொன்றில் பழக்கம் இருந்தால் போதும்.

சரியாகப் படித்திருக்கிறோமா என்று சோதிக்க ஒரு கணக்கு. 0 முதல் 1 வரையிலான கோட்டுத்துண்டில் ஒரு துகள். உந்தம் என்பது "வகையிட்டு, மைனஸ் ஐயால் பெருக்கு" என்ற ஆபரேட்டர். இரு முனையிலும் அலைச்சார்பு பூச்சியம் என்று வைத்தால் அந்த ஆபரேட்டர் சமச்சீரானது. ஆனால் செல்ஃப்-அட்ஜாயிண்ட் (அளவிடக்கூடிய அளவுக்கு வேண்டிய, சமச்சீரைவிடக் கடுமையான நிபந்தனை) அல்ல. அப்படி ஆக்க, வலது முனை மதிப்பு இடது முனை மதிப்பின் ஒரு கட்டக்காரணி (அளவு 1 உள்ள கலப்பெண்) மடங்கு என்று இரு முனைகளையும் இணைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டக் கோணத்துக்கும் ஒரு தனி ஆபரேட்டர். அதன் ஐகன் மதிப்புகள் அந்தக் கோணத்தோடு 2π-இன் முழு எண் மடங்குகளைக் கூட்டியவை. ஆக, ஒரே சூத்திரம், எண்ணற்ற வெவ்வேறு இயற்பியல். இப்போது துண்டை எடுத்துவிட்டு 0-லிருந்து முடிவிலி வரையிலான அரைக்கோட்டை வையுங்கள். இம்முறை எந்த எல்லை நிபந்தனை கொடுத்தாலும் உந்தம் செல்ஃப்-அட்ஜாயிண்ட் ஆகாது. காரணம் எளிது: உந்தத்தின் வேலை அலைச்சார்பை நகர்த்துவது; இடப்பக்கமாக நகர்த்தினால் சுவரைத் தாண்டி நிகழ்தகவு வெளியே போய்விடும், திரும்பி வர இன்னொரு முனை இல்லை. இந்த இரண்டையும் யாருடைய உதவியும் இன்றி எழுத முடிந்தால் ஃபங்ஷனல் அனாலிசிஸ் கைவந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எலக்ட்ரான் அணுக்கருவில் விழாமல் இருப்பதற்கு ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கொள்கைதான் காரணம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். இதை நிரூபணம் என்று சொல்லலாமா? (கல்லூரி ஆசிரியர்)

பதில்: சொல்ல முடியாது, ஐயா. இந்தத் துறையின் மனநிலையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

ஹைசன்பர்க் சமனிலி இடத்தின் சராசரிப் பரவலை உந்தப் பரவலோடு இணைக்கிறது. அலைச்சார்பில் பாதியை அணுக்கருவுக்கு மிக அருகில் ஒரு சிறிய கோளத்துக்குள் வையுங்கள். மறுபாதியை மிகத் தொலைவில் ஒரு கூட்டில் வையுங்கள். தொலைவில் உள்ள பாதியால் இடப்பரவல் மிகப் பெரிதாகிவிடும். ஆகவே ஹைசன்பர்க் சமனிலி இயக்க ஆற்றலைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாது. ஆனால் அருகில் உள்ள பாதியின் நிலை ஆற்றல் கோளத்தின் ஆரத்தைக் குறைக்கக் குறைக்க அளவின்றிக் கீழே போகும். அணு சரிவதை அந்தச் சமனிலி மட்டும் தடுக்காது.

தடுப்பது வேறொரு சமனிலி. அணு அலகுகளில், அலைச்சார்பின் மொத்த நிகழ்தகவு 1 என்று வைத்து, தூரத்தின் தலைகீழுக்குச் சராசரி எடுத்தால், அது அலைச்சார்பின் சாய்வின் அளவை விடப் பெரிதாக முடியாது. நிரூபணம் இரண்டே வரி. மையத்திலிருந்து வெளிநோக்கிய ஓரலகு நீளத் திசையன் புலத்தை எடுங்கள். அதன் விரிதல் 2/தூரம். அதை நிகழ்தகவு அடர்த்தியோடு சேர்த்துப் பகுதிவாரியாகத் தொகையிட்டு, கோஷி–ஷ்வார்ஸ் சமனிலியைப் போட்டால் முடிந்தது. இப்போது சாய்வின் அளவை 'அ' என்போம். இயக்க ஆற்றல் அ²/2, நிலை ஆற்றல் −அ-வுக்குக் கீழே போகாது. ஆக மொத்த ஆற்றல் அ²/2 − அ என்பதற்குக் குறையாது. இது மிகச் சிறிதாவது அ = 1 ஆகும்போது; மதிப்பு −1/2. எலக்ட்ரான் வோல்ட்டில் −13.6. ஹைட்ரஜனின் அடிநிலை ஆற்றல் அதேதான், ஒரு இம்மி பிசகவில்லை. வகுப்பில் இதைப் பலகையில் எழுதப் பத்து நிமிடம் ஆகும். அடுத்த முறை எழுதிக் காட்டுங்கள்.

ஓர் அணு நிலைத்திருப்பது முதல் படிதான். ஒரு கல்லில் உள்ள எண்ணற்ற எலக்ட்ரான்களும் கருக்களும் ஏன் ஒன்றாகச் சரிவதில்லை? மொத்த ஆற்றலின் கீழ்வரம்பு துகள்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும். இதை 1967-இல் டைசனும் லெனார்டும் நிரூபித்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த மாறிலி 10-இன் 14-ஆம் அடுக்கு அளவுக்குப் பெரியது. 1975-இல் லீபும் திரிங்கும் புதிய சமனிலி ஒன்றோடு வந்து அதைச் சில பத்துகளாகக் குறைத்தார்கள். நிரூபணமும் சில பக்கங்களாகச் சுருங்கியது. இதில் பௌலியின் தவிர்ப்புக் கொள்கை (ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்பது) எங்கே நுழைகிறது என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. எலக்ட்ரான்களும் எதிர் மின்னூட்டத் துகள்களும் எல்லாமே போஸான்களாக, அதாவது அந்தக் கொள்கைக்குக் கட்டுப்படாத துகள்களாக, இருந்திருந்தால், ஆற்றல் எண்ணிக்கையின் 7/5-ஆம் அடுக்கில் கீழே போயிருக்கும். இரண்டு கற்களை ஒன்றாகச் சேர்த்தால் ஆற்றல் 2 மடங்காகாமல் 2.64 மடங்கு ஆகி, வித்தியாசம் முழுவதும் வெடித்து வெளிவரும். "பௌலி கொள்கையால்தான் பொருள் நிலைக்கிறது" என்று வாயால் சொல்வதற்கும், 7/5 என்ற எண்ணை நிறுவுவதற்கும் இடையில் உள்ள தூரம்தான் கணித இயற்பியல்.

கேள்வி: முனைவர் பட்டத்துக்கு நெறியாளரையும் ஆய்வுக் கேள்வியையும் எப்படித் தேர்ந்தெடுப்பது? பெரிய கேள்வியாகவே எடுத்தால் என்ன?

பதில்: யாங்–மில்ஸ் நிறை இடைவெளியை (அணுக்கரு விசைகளை விவரிக்கும் வகைப் புலக் கோட்பாட்டில் மிக லேசான துகளுக்கும் பூச்சியமல்லாத நிறை உண்டு என்று நிரூபிப்பதை) ஆய்வேட்டுக்கு எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கிளே கணித நிறுவனம் 2000-இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்த ஏழு கணக்குகளில் அது ஒன்று. எடுக்க வேண்டாம். தைரியம் போதாது என்பதற்காகச் சொல்லவில்லை. அதில் பாதியளவு செய்தால் பாதியளவு தேற்றம் கிடைக்காது. நான்கு ஆண்டு முடிவில் கையில் ஒன்றும் இருக்காது. அதே குடும்பத்தில் படிப்படியாக வென்ற வரலாறு இருக்கிறது. ஆற்றலில் புலத்தின் நான்காம் அடுக்கு வரும் எளிய மாதிரியை முதலில் இரண்டு வெளிநேரப் பரிமாணத்தில் கட்டினார்கள், பிறகு 1973-இல் கிளிமும் ஜாஃபேயும் மூன்றுக்கு வழி திறந்தார்கள். நான்குக்கு மேற்பட்ட பரிமாணங்களில் அது இடைவினையே இல்லாத வெற்றுப் புலமாகிவிடும் என்று ஐசன்மேனும் ஃப்ரோலிக்கும் 1980-களின் தொடக்கத்தில் காட்டினார்கள். சரியாக நான்கு பரிமாணத்துக்கு அதையே நிரூபிக்க 2021 ஆயிற்று. பரிமாணத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது இந்தத் துறையின் மரபான உத்தி. ஆய்வேடும் அப்படித்தான் அமைய வேண்டும்.

நல்ல ஆய்வுக் கேள்விக்கு அடையாளம்: மிக எளிய, ஆனால் அற்பமல்லாத ஒரு வடிவம் மூன்று மாதத்தில் தீர வேண்டும். ஒழுங்கற்ற ஊடகத்தில் எலக்ட்ரான் சிக்கிக்கொள்வதை ஆண்டர்சன் 1958-இல் சொன்னார். ஒரு பரிமாணத்தில் 1977-இல் நிரூபணம் வந்தது. உயர் பரிமாணத்தில், ஒழுங்கின்மை பலமாக இருக்கும்போது, ஃப்ரோலிக்–ஸ்பென்சர் 1983-இல் ஒரு வழியும் ஐசன்மேன்–மோல்ச்சனோவ் 1993-இல் இன்னும் குறுகிய வழியும் தந்தார்கள். முப்பரிமாணத்தில் ஒழுங்கின்மை பலவீனமானால் எலக்ட்ரான் பரவித் திரியும் என்பது மட்டும் இன்னும் திறந்தே கிடக்கிறது. மாணவர் கடைசிக் கேள்வியில் நுழையக் கூடாது; 1993-இன் வழியைப் புதிய ஒரு மாதிரிக்குக் கொண்டுபோகலாம். அது ஓராண்டில் ஒரு கட்டுரையாகும். அந்த ஓராண்டில் கருவியின் பலமும் பலவீனமும் விரலுக்குத் தெரியும்.

நெறியாளரைப் பற்றி அவருடைய பழைய மாணவர்களிடம் கேளுங்கள். முதல் கட்டுரை எத்தனையாவது ஆண்டில் வந்தது, வாரத்துக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுவாரா, பட்டம் முடிந்தபின் எங்கே போனார்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் நேரான பதில் வராவிட்டால் வேறிடம் பார்க்கலாம். அவருடைய புகழ் இரண்டாம் பட்சம்.

கேள்வி: கணக்கும் கணினி உருவகப்படுத்தலும் ஒத்துப்போகின்றன. நிரூபணம் மட்டும் ஓரிடத்தில் உடைகிறது. பல மாதங்களாக அதே இடம்தான். எங்கே பார்ப்பது? (ஆய்வு மாணவர்)

பதில்: உடையும் இடங்கள் பெரும்பாலும் நான்கைந்துதான்.

முதலாவது, இரண்டு எல்லைகளின் வரிசை. ஐசிங் காந்தத்தில் (வலையின் ஒவ்வொரு முனையிலும் மேலோ கீழோ நோக்கும் ஒரு சிறு காந்தம் உள்ள மாதிரி) வெளிப்புலம் பூச்சியம் என்று வைத்து 64×64 வலையில் சராசரி காந்தமாக்கலைக் கணக்கிட்டால் சரியாகப் பூச்சியம்தான் வரும். மேல்–கீழ் சமச்சீர் இருக்கிறது. எந்த அளவு வலைக்கும் அப்படியே. முதலில் வலையை முடிவிலிக்குக் கொண்டுபோய், பிறகு புலத்தைப் பூச்சியமாக்கினால்தான் நிலைமாற்ற வெப்பநிலைக்குக் கீழே காந்தம் தெரியும். சதுர வலையில் அந்த வெப்பநிலை, பிணைப்பு அலகில், 2/ln(1+√2), அதாவது ஏறத்தாழ 2.269. ஆன்சேகர் 1944-இல் கண்டது. உங்கள் நிரூபணத்தில் எந்த எல்லையை முதலில் எடுத்தீர்கள் என்று ஒவ்வொரு வரியிலும் எழுதிப் பாருங்கள். "எல்லையை உள்ளே கொண்டுபோகிறோம்" என்று எழுதிய இடமெல்லாம் சந்தேகத்துக்குரியது.

இரண்டாவது, மாறிலிகள். "ஏதோ ஒரு மாறிலி" என்று ஒரே எழுத்தால் எல்லாவற்றையும் குறிக்கும் பழக்கம் ஆபத்தானது. துகள் எண்ணிக்கை, வெப்பநிலை, பெட்டியின் அளவு எவற்றைச் சார்ந்தது என்று மாறிலியின் பக்கத்திலேயே எழுதுங்கள். மாதக்கணக்கில் நின்றுபோன பல நிரூபணங்கள், ஏழாம் பக்கத்து மாறிலி துகள் எண்ணிக்கையோடு வளர்கிறது என்று தெரிந்ததும் வேறு வழியில் திரும்பியிருக்கின்றன.

மூன்றாவது, அளவு மாற்றச் சோதனை. ஒரு சமனிலியை நம்பும் முன் சார்பை ஒரு காரணியால் சுருக்கிப் போடுங்கள். இருபுறமும் அந்தக் காரணியின் ஒரே அடுக்கு வர வேண்டும். மேலே சொன்ன ஹைட்ரஜன் சமனிலியில் இருபுறமும் முதல் அடுக்கு. அடுக்குகள் பொருந்தாவிட்டால் சமனிலி பொய். இரண்டு நிமிட வேலை, பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

நான்காவது, ஆபரேட்டரின் களம். சுருக்கமாக: மையத்தில் தூர வர்க்கத்தின் தலைகீழாகப் போகும் நிலை ஆற்றல் உங்கள் கணக்கில் இருந்தால் இங்கேதான் பிரச்சினை. அரைக்கோட்டில், வழக்கமான இயக்க உறுப்போடு சேர்ந்த அதன் கெழு −1/4-க்குக் கீழே போனால் ஆற்றலுக்கு அடியே இல்லை. 3/4-க்கு மேலே போனால் எல்லை நிபந்தனையே தேவையில்லை. இடையில் உள்ளவற்றுக்கு நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினி உங்களைக் கேட்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கும், அதனால்தான் "ஒத்துப்போகிறது".

இவை எதிலும் இல்லையென்றால் தேற்றமே பொய்யாக இருக்கலாம். ஒரு வாரம் முழுக்க எதிர்க்காட்டைத் தேடுங்கள். நிரூபணம் எங்கே உடைகிறதோ அந்த இடத்தின் வடிவமே எதிர்க்காட்டுக்கு வழிகாட்டும்.

கேள்வி: கட்டுரையை எங்கே, எப்படி வெளியிடுவது? பெயர் வரிசை எப்படி?

பதில்: கணித வழக்கப்படி ஆசிரியர் பெயர்கள் அகர வரிசையில். "முதல் ஆசிரியர்" என்ற பேச்சுக்கு இடமில்லை. இயற்பியல் துறை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இதை ஒரு வரியில் விளக்கிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடைசிப் பெயர்க்காரர் உதவியாளர் என்று எண்ணிவிடுவார்கள்.

முதலில் ஆர்க்கைவ் (arXiv), அதாவது ஆய்விதழில் வருமுன்பே கட்டுரைகளைப் பொதுவில் வைக்கும் இணையதளம். அங்கே கணித இயற்பியலுக்குத் தனிப்பிரிவு உண்டு. கூடவே நிகழ்தகவு, ஸ்பெக்ட்ரல் கோட்பாடு அல்லது புள்ளியியல் இயக்கவியல் பிரிவிலும் குறுக்குப் பதிவு செய்யுங்கள். முதன்முறை பதிவேற்றுபவருக்கு ஏற்கெனவே அங்கே எழுதிவரும் ஒருவரின் ஒப்புதல் தேவைப்படலாம். நெறியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிழை தெரியவந்தால் தயங்காமல் புதிய பதிப்பைப் போட்டு, எது மாறியது என்று குறிப்பிடுங்கள். திரும்பப் பெற்றாலும் பழைய பதிப்பு அங்கேயே இருக்கும்; ஆகவே பதிவேற்றும் முன் ஒரு வாரம் கட்டுரையைத் தொடாமல் வைத்துவிட்டு மறுபடி வாசிப்பது நல்லது.

ஆய்விதழ்களில் 1965-இல் தொடங்கிய 'கம்யூனிகேஷன்ஸ் இன் மேத்தமேட்டிகல் ஃபிசிக்ஸ்' துறையின் முன்னணி இதழ். 1960 முதல் வரும் 'ஜர்னல் ஆஃப் மேத்தமேட்டிகல் ஃபிசிக்ஸ்', 2000-இல் தொடங்கிய 'அனால்ஸ் ஆன்ரி புவான்கரே', குறுங்கட்டுரைக்கு 'லெட்டர்ஸ் இன் மேத்தமேட்டிகல் ஃபிசிக்ஸ்' ஆகியவையும் உண்டு. மதிப்பீட்டாளர் வரிக்கு வரி சரிபார்ப்பார். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். எட்டு மாதம் கழிந்தபின் ஆசிரியர் குழுவுக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் தவறில்லை.

எழுதும்போது முதல் இரண்டு பக்கத்துக்குள் தேற்றம் முழுமையாக வந்துவிட வேண்டும்: எல்லா நிபந்தனைகளோடும். எந்த நிபந்தனை உண்மையில் தேவை, எது உங்கள் முறைக்காக மட்டும் சேர்த்தது என்று பிரித்துச் சொல்லுங்கள். நல்ல மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: வேலை எந்தத் துறையில் கிடைக்கும்? கணிதத்துறை "இது இயற்பியல்" என்கிறது. இயற்பியல் துறை "இது கணிதம்" என்கிறது.

பதில்: இந்தச் சங்கடம் உண்மையானது, எல்லா இடத்திலும் உள்ளது. இருந்தாலும் நிரந்தர இடங்கள் பெரும்பாலும் கணிதத்துறையில்தான். அங்கே விண்ணப்பிக்கும்போது உங்களைக் கணித இயற்பியலாளர் என்று மட்டும் சொல்லாமல், "ஸ்பெக்ட்ரல் கோட்பாடு", "நிகழ்தகவு", "பகுதி வகைக்கெழுச் சமன்பாடு" என்று அவர்கள் பாடம் நடத்தும் பெயரில் சொல்லுங்கள். ஆய்வுத்திட்ட அறிக்கையை இரண்டு வடிவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணிதத்துறைக்கானதில் தேற்றமும் முறையும் முன்னே. இயற்பியலுக்கானதில் மாதிரியும் விளைவும் முன்னே. இரண்டிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் முடியக்கூடிய ஒரு கேள்வி பெயர் சொல்லி இருக்க வேண்டும்.

பட்டத்துக்குப் பின் பொதுவாக இரண்டு போஸ்ட்டாக் (தற்காலிக ஆய்வுப் பணி), ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ஆண்டுகள். இரண்டாவதை முதலாவதின் அதே தலைப்பில் எடுக்காமல் பக்கத்துக் கிளையில் எடுப்பது புத்திசாலித்தனம். பரிந்துரைக் கடிதங்கள் மூன்று நான்கு கேட்பார்கள்; அவற்றில் ஒன்றாவது உங்களோடு சேர்ந்து கட்டுரை எழுதாத, ஆனால் உங்கள் வேலையைப் படித்தவரிடமிருந்து வர வேண்டும். அப்படிப்பட்டவரைச் சந்திக்க வழி பயிலரங்குகள்தான். ஆல்ப்ஸ் மலையடிவாரத்து லெ ஹூஷ் கோடைப்பள்ளி, வியன்னாவின் எர்வின் ஷ்ரோடிங்கர் நிறுவனம், ஜெர்மனியின் ஓபர்வுல்ஃபாக் கணித ஆய்வு நிறுவனம், மூன்று ஆண்டுக்கொருமுறை கூடும் கணித இயற்பியல் உலக மாநாடு. இவற்றில் இளையோருக்குப் பயண உதவியும் குறும் பேச்சுகளும் உண்டு. பத்து நிமிடப் பேச்சில் ஒரு தேற்றம், ஒரு படம், நிரூபணத்தின் ஒரே ஒரு கருத்து; அதற்கு மேல் வேண்டாம்.

வெளியே போக நேர்ந்தால் குவாண்டம் தகவல், எண்முறைக் கணிப்பு, நிதிக் கணிதம் மூன்றும் இந்தப் பயிற்சியை மதிக்கின்றன. அதற்கு நிரலெழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: அதே தேற்றத்தை வேறொருவர் முந்தி வெளியிட்டுவிட்டார். என் ஓராண்டு வீணா?

பதில்: இல்லை. உடனே அவர்களுக்கு எழுதுங்கள். உங்கள் கையெழுத்துப் படியை இணைத்து, சுயமாக எட்டியது என்று சொல்லுங்கள். ஓரிரு வாரத்துக்குள் உங்களுடையதையும் பதிவேற்றினால் இரண்டும் ஒரே காலத்தவை என்று துறை ஏற்றுக்கொள்ளும். முறை வேறாக இருந்தால் ஆய்விதழும் ஏற்கும். பல தருணங்களில் முந்தியவரே அடுத்த கட்டுரைக்குக் கூட்டாளியாகிறார்.

கேள்வி: இயற்பியல் பட்டம் பெற்றபின் கணிதத்துக்கு மாறுவது தாமதமா?

பதில்: ஹரீஷ்-சந்திரா டிராக்கிடம் இயற்பியலில் 1947-இல் முனைவர் பட்டம் பெற்றார், லோரன்ஸ் குலத்தின் முடிவிலிப் பரிமாண உருவகிப்புகள்தான் ஆய்வேடு. அதே பொருளைத் தொடர்ந்து கணிதத்துக்குள் போய், குலங்களின் உருவகிப்புக் கோட்பாட்டையே மாற்றி எழுதினார். டைசன் எதிர்த்திசையில் கணிதத்திலிருந்து வந்தவர். மாறுபவருக்கு உள்ள ஒரே உண்மையான வேலை, நிரூபணம் எழுதும் பழக்கம். தெரிந்த தேற்றங்களைப் பத்து, இருபது முறை முழுமையாக எழுதிப் பார்த்து, கண்டிப்பான ஒருவரிடம் திருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: ராமானுஜனின் கணிதத்துக்கு இந்தத் துறையில் இடமுண்டா?

பதில்: உண்டு. அறுகோண வடிவத் துகள்கள் ஒன்றையொன்று மேற்படாமல் முக்கோண வலையில் அடுக்கப்படும் மாதிரியை பேக்ஸ்டர் 1980-இல் துல்லியமாகத் தீர்த்தார். தீர்வின் நடுவில் வந்து நின்றவை, முடிவிலித் தொடரையும் முடிவிலிப் பெருக்கத்தையும் சமன்படுத்தும் ரோஜர்ஸ்–ராமானுஜன் முற்றொருமைகள். துகள்கள் ஒழுங்கமையத் தொடங்கும் செறிவுக் குறியீடு (11+5√5)/2, ஏறத்தாழ 11.09. எண் கோட்பாடு தெரிந்தவர்களுக்கு நுழைய ஒரு வாசல் வேண்டுமென்றால், துல்லியமாகத் தீரும் மாதிரிகள் என்ற இந்தக் கிளையிலிருந்து தொடங்கலாம். ஒரு பருவ காலம் எலிப்டிக் சார்புகளைப் படித்துவிட்டு, முதலில் ஐசிங் மாதிரியின் அணி முறைத் தீர்வைக் கையால் போட்டுப் பாருங்கள்.